தாயி, சம்பளம் எம்புட்டுன்னு கேளு

வா தாயி, இப்பிடி வேப்பமரத்து நெழல்ல உக்காரு. சமூகப்பணிப் படிப்பு, எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சிட்டயாம்ல? ஒங்க ஆச்சி தெருப்பூரா சொல்லிட்டு வந்துட்டா, "எம் பேத்தி படிச்சது டாக்டருக்கு அடுத்த படிப்பு"ன்னு. "அப்ப ஊசி போடுவாளா?"ன்னு ஒருத்தி கேட்டிருக்கா. "போட மாட்டா, போட்டுக்கிடச் சொல்லுவா"ன்னாளாம் ஆச்சி. ஒங்க வாத்தியாருகூட இம்புட்டுத் தெளிவாச் சொல்லியிருக்க மாட்டாரு.

மெட்ராஸ்ல மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மா இந்தப் படிப்புக்குன்னே ஒரு கல்லூரிய 1952ல ஆரம்பிச்சாக. பம்பாய்ல டாட்டாக்காரக 1936லயே ஆரம்பிச்சிட்டாக. இம்புட்டு வருசமாகியும் என்ன நெலமை? வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கு, நர்சம்மாவுக்கு ஒரு கவுன்சில் இருக்கு. ஒனக்கு நாடு முழுசுக்கும் அப்பிடி ஒண்ணு கெடையாது. அதனாலதான் கோயில் கொடைக்கு நீர்மோர் ஊத்துனவன்லாம் பிளெக்ஸ் போர்டுல 'சமூக சேவகர்'னு போட்டு, கூலிங்கிளாசோட கும்பிட்டுக்கிட்டு நிக்கான். நீ ரெண்டு வருசம் படிச்சு வாங்குனத அவன் ஒரு அண்டா மோர்ல வாங்கிட்டான்.

போன வருசம் கேம்ப்னு நம்மூருக்கு வந்தீகள்ல, காளியம்மன் கோயில் முன்னால கோலப்பொடியில ஊர்ப்படம் வரைஞ்சீக. "ஊருல பிரச்சனை எங்க இருக்கு, செவப்புப் பொடி வைங்க"ன்னீக. ஆளாளுக்கு அடுத்தவன் வீட்டு வாசல்ல வச்சான். பேச்சிக்கிழவி மட்டும் ஒரு கை அள்ளி சாராயக்கடை இருக்கிற எடத்துல கொட்டுனா. அது கோயில விடப் பெருசாத் தெரிஞ்சது. கண்மாய் வரைஞ்சாச்சு, தண்ணித்தொட்டி வரைஞ்சாச்சு, ரேசன் கடை வரைஞ்சாச்சு. கீழ்க்கடைசியில காலனி இருக்கே, அத ஒருத்தனும் வரையல. எல்லாரும் படம் முடிஞ்சிருச்சுன்னு கையத் தட்டுனப்ப, நீ ஒண்ணும் பேசாம, ஓரத்துல நின்ன காலனிப் பிள்ளை கையில பொடியக் குடுத்த. அவ குனிஞ்சு நாலு தெருவையும், வராத தண்ணிக்கொழாயையும் போட்டா. அப்ப நெனச்சேன், இவளுக்குப் படிப்பு ஏறிருச்சுன்னு. இவளுக்கு உள்ளூர்ல மாப்பிள்ளை அமையாதுன்னும் நெனச்சேன்.

சரி, சோலிக்கு வருவோம். ஒங்க செட்டுல பாதிப்பேரு எச்.ஆர். பக்கம் சாஞ்சிருப்பாகளே. தப்பில்ல, மாசம் பொறந்தா சம்பளம், சட்டை கசங்காது. 1948 தொழிற்சாலைச் சட்டத்துல 49ஆவது பிரிவு, 500 பேரு வேலை பாத்தா நல அலுவலர்னு ஒரு ஆளு வச்சே ஆகணும்னு சொல்லுச்சு. அன்னையில இருந்து மொதலாளிமாருக்கு 499ங்கிற நம்பர் மேல ஒரு பாசம். தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கெழுதுனவன் நான், எந்த ஆபீஸுன்னு கேக்காத. ஆளு கூடும், பேரேடு கூடாது. மிச்சம்பேரு காண்ட்ராக்டர் ஆளு. 2025 நவம்பர்ல நடப்புக்கு வந்த புதுச் சட்டத்துல அத 250ன்னு கொறச்சிட்டாக. இனிமே 249 மேல பாசம் வரும். கேண்டீன்ல சோறு வெந்திருக்கா, பிள்ளைத் தொட்டில் கட்ட எடம் இருக்கான்னு பாக்குறது ஒன் வேலைன்னு புஸ்தகம் சொல்லும். லீவு கேட்டு வந்தவன லீவு குடுக்காமலே சிரிச்ச மொகத்தோட அனுப்புறதுதான் வேலைன்னு மேனேஜர் சொல்லுவாரு. கவுன்சிலிங் படிச்சிருக்கயே, கைகுடுக்கும்.

அது வேண்டாம், பிள்ளைகளுக்கு உழைக்கேன்னு சொல்லுவ. நீ பொறக்குமுன்ன இங்க நடந்ததக் கேளு. விடியுமுன்ன நாலு மணிக்கு தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து ஆரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளத் தூக்கி ஏத்தி விடுவாக. சிவகாசி, சாத்தூரு, கோவில்பட்டி எல்லா ஊருக்கும் அதே கதைதான். குச்சியக் கட்டையில அடுக்கச் சின்ன விரல்தான் தோதும்பாக. சின்ன விரலுக்குக் கூலியும் சின்னதுங்கிறதச் சொல்ல மாட்டாக. 1986ல குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு, 1988ல அதுக்குன்னு தேசியத் திட்டம் வந்துச்சு. 1996 டிசம்பர்ல எம்.சி. மேத்தா வழக்குல, ஒரு பிள்ளைக்கு 20,000 ரூவா மொதலாளி கட்டணும்னு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லுச்சு. அப்பவும் இன்ஸ்பெக்டர் முன்வாசல்ல வந்தா பிள்ளைக பின்வாசல் வழியா பருத்திக்காட்டுக்குள்ள ஓடிரும். ஒன்னையப்போலப் படிச்ச பிள்ளை ஒருத்தி, பிள்ளைக ஓடி வாரதுக்கு முன்னாலயே காட்டுக்குள்ள போயி நிப்பா. "இங்க என்ன தாயி சோலி?"ன்னா, "கீரை பறிக்க வந்தேன்"ம்பா. அவ பறிச்ச கீரைகதான் இன்னைக்கு வாத்தியாராவும் நர்சாவும் இருக்குதுக.

அவளுக்கு என்ன சம்பளம்னு யாரும் கேக்கல. திட்டம் இருக்கிற வரைக்கும் சம்பளம் இருந்துச்சு. 2021-22ல அந்தத் திட்டத்தையே சமக்ர சிக்ஷாங்கிற பள்ளிக்கூடத் திட்டத்துல கொண்டுபோயிச் சேத்துட்டாக. பிள்ளைகளுக்கு உதவுற 1098 போனுகூட தொண்டு நிறுவனத்து ஆளுக கையில இருந்துச்சு. 2023ல அரசாங்கமே எடுத்து நடத்த ஆரம்பிச்சிருச்சு. திட்டச் சம்பளம் நம்ம மானாவாரிக் காடு தாயி. புரட்டாசியில உளுந்தையும் பாசியையும் விதைச்சிட்டு வானத்தப் பாத்து உக்காந்திருப்போம்ல, அதேதான். ஒனக்கு வானம் டெல்லியில இருக்கு. தொண்டு நிறுவனத்துக்கு வார வெளிநாட்டுப் பணத்துக்கும் 2020ல கிடுக்கிப்பிடி போட்டாக, நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்துல இருந்து 20ன்னு ஆயிருச்சு. ஒன் சம்பளம் பாதி எடத்துல அந்த 20க்குள்ளதான் கெடக்கு.

கம்பெனிச் சட்டம் 2013ல பெரிய கம்பெனிக லாபத்துல 2 சதவீதம் ஊருக்குச் செலவழிக்கணும்னு வச்சான், அதுலயும் வேலை இருக்கு. கயத்தாறு பக்கம் காத்தாடி சுத்துது, தூத்துக்குடியில தொறமுகம். ஆனா ஒரு மரக்கன்ன ஏழுபேரு பிடிச்சுக்கிட்டு போட்டோ எடுப்பாக. தண்ணி ஊத்த எட்டாவதா ஒரு ஆளு வேணும்ல, அது நீ.

நான் சொன்னாக் கேப்பயா? ஆஸ்பத்திரிப் பக்கம் போ. சிரிக்காத, இது நெசமாச் சொல்றேன். அரசாஸ்பத்திரியில நம்பிக்கை மையம் இருக்கும். நாலுவழிச்சாலை லாரிக்காரன், எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை முடிவ வாங்க வந்திருப்பான். கதவச் சாத்திட்டு அவன்கிட்ட என்ன சொல்லணும், மொதல்ல எத சொல்லக்கூடாதுன்னு ஒனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும்.

உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்னு ஒரு வேலை. 2008ல திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி, விபத்துல மூளைச்சாவடைஞ்ச மகன் இதேந்திரனோட உறுப்புகளக் குடுத்தாகளே, அதுல இருந்துதான் தமிழ்நாட்டுல ஜனம் இதப் பத்திப் பரவலாப் பேச ஆரம்பிச்சது. 2014 விதியில, இந்த ஒருங்கிணைப்பாளர் இல்லாம ஆஸ்பத்திரிக்கு அனுமதியே கெடையாதுன்னு எழுதிட்டாக. ஒன் படிப்பும் அதுக்குச் செல்லும். 2023ல இருந்து உறுப்பு குடுத்தவுகளுக்கு அரசு மரியாதையோட அடக்கம். மரியாதை கலெக்டர் செய்வாரு. அதுக்கு முன்னால, ஒப்பாரி தொடங்குறதுக்கும் முன்னால, நெஞ்சு ஏறி எறங்குற பிள்ளையக் காட்டி "இனி எந்திரிக்க மாட்டான்"னு டாக்டர் சொன்னத ஆத்தாவுக்குப் புரிய வச்சு, உறுப்பக் கேக்கணும். அதக் கேக்கத்தான் ஒனக்குச் சம்பளம்.

மனநலத்துக்குப் போறதுன்னா இன்னும் ரெண்டு வருசம் எம்.பில். படிக்கணும். 2017 சட்டம் அப்பிடித்தான் சொல்லுது, ஆச்சிகிட்ட நான் பேசிக்கிடுதேன். நம்ம பக்கத்துல புத்தி பேதலிச்சா மொதல்ல கோடாங்கி, பொறவு ஏர்வாடி தர்கா. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அந்த ஏர்வாடியில ஒரு காப்பகக் கொட்டகை பத்திக்கிச்சு. சங்கிலியில கட்டிக்கெடந்த 28 பேரு ஓட முடியாமச் செத்தாக. இன்னைக்கு மனநல உதவிக்கு 14416ன்னு போன் இருக்கு. இருந்தும் கோடாங்கிக்குத்தான் கூட்டம், ஏன்னா அவரு வீட்டுக்கே வாராரு, விடிய விடியக் கதை கேக்காரு. ஒங்க ஆளுக அஞ்சு மணிக்கு பஸ்ஸப் பிடிச்சிருதாக.

எங்க போனாலும் ஒண்ணு. இன்டர்வியூல "சேவை மனப்பான்மை இருக்கா?"ன்னு கேப்பாக. இருக்குன்னு சொல்லிட்டு, அதே மூச்சுல சம்பளம் எம்புட்டு, பி.எஃப். உண்டா, பஸ் காசு யாரு தருவான்னு கேளு. ஊரு பூரா கூலிக்கு மனு எழுதிக் குடுக்கிற பிள்ளை, தன் கூலிய வாய்விட்டுக் கேக்காம நிக்கக் கூடாது.

அது இருக்கட்டும். இந்தப் பையில என் பட்டா, அடங்கல், பேங்கு புக்கு எல்லாம் இருக்கு. பயிர்க் காப்பீட்டுக்கு ரவிப் பருவத்துக்கு ஒண்ணரை சதவீதம் கட்டுன ரசீதும் இருக்கு. பட்டாவுல ஒரு எழுத்து, ஆதார்ல ஒரு எழுத்துன்னு பணத்த நிறுத்தி வச்சிருக்கான். திங்கக்கெழமை தூத்துக்குடிக்குக் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போகணும், நறுக்குன்னு ஒரு பக்கம் எழுதித் தா.

என்னது? நூறு ரூவாயா? ஏ பிள்ளை, நான் ஒனக்குத் தாத்தன்! அம்பது வச்சுக்கோ. சரி, எழுபது. ஆனா கலெக்டர் ஆபீஸ்ல இருந்து போன்ல மெசேஜ் வந்தா வாசிச்சுச் சொல்றதும் அதுக்குள்ளயே சேத்தி, ஆச்சிக்குத் தெரியக் கூடாது.