ஒட்டடைக்கு வந்த வாழ்வு

எங்கள் வீட்டில் ஒட்டடை அடிப்பது என் இலாகா. அதனால் பால்கனியில் ஒட்டடை செழித்து வளரும். மனைவி கேட்கும்போதெல்லாம் "ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்" என்பேன். எந்த ஞாயிறு என்று மட்டும் வாக்குக் கொடுத்ததில்லை.

அந்த ஒட்டடையை நம்பி ஒருத்தி குடிவந்தாள். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. வெள்ளைத் தொண்டை, மஞ்சள் வயிறு, எடை எட்டு கிராம் தேறினால் அதிகம். என் ஒட்டடையை அலகால் இழுத்து இழுத்து, நாரையும் சருகையும் அதால் பிணைத்து, துணி காயப்போடும் கொடியில் ஒரு பையைத் தொங்கவிட்டாள். வாசலுக்கு மேல் குட்டித் தாழ்வாரம் இறக்கினாள். உள்ளே எருக்கம்பஞ்சு மெத்தை. கொத்தனாரும் இல்லை, அட்வான்ஸும் இல்லை. இதே ஃப்ளாட்டுக்கு நான் 20 வருஷத் தவணை கட்டுகிறேன்.

"பார்த்தியா? நீ சொன்ன பேச்சைக் கேட்டு நான் ஒட்டடை அடிச்சிருந்தா, ஒரு குடும்பம் நடுத்தெருவுல நின்னிருக்கும்!"

அன்று முதல் என் சோம்பலுக்குச் சுற்றுச்சூழல் சேவை என்று பெயர். கொடியில் துணி போடத் தடை விதித்தேன். என் வேட்டி சோபாவின் மேல் காய்ந்தது. பறவை ஆய்வாளர் சாலிம் அலியின் புத்தகம் வாங்கினேன். பைனாகுலரும் வாங்கினேன். கைக்கெட்டும் தூரத்துக் கூட்டை அதில் பார்த்தால் மஞ்சளாக ஏதோ கலங்கித் தெரிந்தது. ஆனாலும் எதிர் ஃப்ளாட்காரர் பார்க்கும்போது அதைக் கண்ணிலிருந்து எடுத்ததில்லை.

கூடு கட்டும் வேலை பெரும்பாலும் பெண்ணுடையதுதான். ஆண் சிட்டு பளபளவென்று கூடவே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கீச்சிடும். "ஆம்பளைன்னா மேற்பார்வைதான். இயற்கையே அப்படித்தான் வச்சிருக்கு" என்று மனைவிக்கு விளக்கினேன். அவள் காபியை ஆற்றிக்கொண்டே பேசாமல் இருந்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

இரண்டு முட்டை வந்தது. அடைகாக்கும் இரண்டு வாரத்தில் ஆணும் முறைபோட்டு உட்கார்ந்தது. குஞ்சு பொரிந்ததும் சிலந்தியும் புழுவுமாக ஓடி ஓடி ஊட்டியது. பதினேழு நாள் வாக்கில் குஞ்சுகள் வெளியே பறந்தன. அப்போதும் பின்னாலேயே போய் ஊட்டியது.

"ஏங்க, அந்த ஆம்பளை எட்டு கிராம்."

"ஆமா."

"நீங்க எண்பத்திரண்டு கிலோ."

நான் புத்தகத்துக்குள் ஒளிந்துகொண்டேன். ஆதாரம் கிடைத்தது. "இதுங்க வருஷம் முழுக்க முட்டை வைக்கும். அடுத்த ஈடுக்கு ஒட்டடை வேணும், அதனால..."

"நானும் படிச்சேன். பால்கனி ஒட்டடை அதுக்கே இருக்கட்டும். தேன்சிட்டு ஹாலுக்குள்ள வந்து கட்டும்னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?"

அப்படி ஒரு பக்கம் இல்லை. இரண்டு முறை தேடிவிட்டுத்தான் ஒட்டடைக் கம்பைக் கையில் வாங்கினேன். நல்லவேளை, சமையலறையில் குளவி ஒன்று மண் கொண்டுவந்து கூடு கட்ட ஆரம்பித்திருக்கிறது. குளவியைப் பற்றிய புத்தகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.