ஊதுகுழலுக்கு இசைவாணை

பெறுநர்: தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம், கிண்டி, சென்னை.

பொருள்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் – விறகடுப்புப் புகை – அதிகாரம் யாருக்கு – தெளிவுரை கோருதல் – தொடர்பாக.

பார்வை: காற்று (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 1981.

விறகடுப்பு என்பது மூன்று கல்லும் ஓர் ஊதுகுழலும் கொண்ட ஆலை. பெரம்பலூர்ப் பக்கம் பருத்திமாரும் மக்காச்சோளத் தட்டையும், அரியலூர்ப் பக்கம் முந்திரி விறகும், இரண்டுக்கும் பொதுவாகச் சீமைக்கருவேலும் இதன் எரிபொருள். ஓட்டு இடுக்கே புகைபோக்கி. அரியலூரின் சிமெண்டு ஆலைகள், மாசு மிகுந்த தொழில்களுக்கான வாரியத்தின் சிவப்பு வகையைச் சேர்ந்தவை. இசைவாணை பெற்று இயங்குபவை. அடுப்புக்கு இதுவரை நிறம் ஒதுக்கப்படவில்லை. சுவரைப் பார்த்தால் கறுப்பு எனலாம்.

சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஓர் இடத்தைக் காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவிப்பதும், ஒப்புதல் பெறாத எரிபொருளை அங்கே தடுப்பதும் மாநில அரசின் வேலை. கலந்தாலோசிக்க வேண்டியது வாரியத்தை. ஊராட்சியைக் கேட்கும்படி அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. புகையை வாசலிலிருந்தே பார்ப்பவருக்கு அதிகாரம் எதற்கு என்று சட்டம் எண்ணியிருக்கலாம். நகராட்சிக்குக் கிடைத்தது குப்பை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், தெருவில் குப்பை கொளுத்துவோருக்கு அபராதம் விதிக்க வழிசெய்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்கு 5,000 ரூபாய் என விலையும் வைத்தது. ஆகவே காய்ந்த மட்டை தெருவில் எரிந்தால் குற்றம். நாலடி தள்ளி, மேலே உலை ஏறிவிட்டால் சமையல்.

அளவீட்டில் சிக்கலே இல்லை. 2009ஆம் ஆண்டுத் தேசிய வரம்புப்படி, பிஎம் 2.5 நுண்துகள் 24 மணி நேரத்தில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. இது வெளிக்காற்றுக்கு. அடுப்பங்கரைக்கு வரம்பு இல்லை. ஆகவே அங்கே வரம்பு மீறல் நடந்ததே இல்லை.

லண்டன் 1952 டிசம்பரில் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோரை இழந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே உள்ளாட்சி மன்றங்களுக்கே புகைக்குத் தடைவிதிக்கும் அதிகாரம் தந்தது. அடுப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கையும் திருப்பித் தரச் சொன்னது. இங்கே 2016இல் உஜ்வாலா திட்டத்தில் எரிவாயு இணைப்பு வந்தது. மானியம் பிறகு வங்கிக்கு வரும்; சிலிண்டருக்கு முழுப்பணம் முதலில் கையில் வேண்டும். பருத்திமார் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

இணைப்பு: பருத்திமார் ஒரு கட்டு. ஒப்புதலுக்குரிய எரிபொருளா என ஆய்ந்து, மாலைக்குள் திருப்பி அனுப்புக. உலை வைக்க வேண்டியிருக்கிறது.