வரப்பு டார்ச்சுக்கு வெள்ளை மூடி: பரபக்கமும் சுபக்கமும்

களமருதூர் சுற்றுவட்டாரத்தில் ஒரு விஷயத்தை வாதாடித் தீர்க்காமல் விட்டால் அது மண்ணுக்கு மரியாதை ஆகாது. திருநாவலூர்க்காரர் சுந்தரர். புத்தூரில் நடக்கவிருந்த அவர் கல்யாணத்தை, கையில் பழைய ஓலையோடு வந்த ஒரு கிழவர் நிறுத்தினார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போய், மாப்பிள்ளை தோற்றார். அதே திருவெண்ணெய்நல்லூரில்தான் 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரங்களில் சிவஞானபோதம் செய்தார். அவர் மாணாக்கர் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞானசித்தியார் எழுதியபோது, பிறர் மதங்களையெல்லாம் பரபக்கத்தில் மறுத்து முடித்துவிட்டு, அதன் பிறகே தம் கட்சியைச் சுபக்கத்தில் சொன்னார். அப்படியிருக்க, சட்டைப்பையில் அடங்கும் டார்ச் லைட்டின் முகத்துக்கு ஒளியைப் பரப்பும் வெள்ளை மூடி, அதாவது டிஃப்யூசர், வேண்டுமா வேண்டாமா என்பதை ஒற்றை வரியில் தீர்க்க நாம் யார்?

வழக்கு எழும் இடம் வரப்பு. பகலில் வராத மும்முனை கரண்ட் ராத்திரியில் வந்து நிற்கும். செல்போனிலிருந்தே மோட்டார் போடும் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மடை திறந்துவிட அது வராது. ஆள்தான் போகவேண்டும், கையில் டார்ச்சோடு.

இனி பரபக்கம்.

முதல் கட்சி தூரவாதிகள். டார்ச் வாங்கியதும் ஊர்க்கோடித் தண்ணீர் டேங்க்கில் அடித்துப் பார்ப்பவர்கள். வட்டம் டேங்க்கில் விழுந்தால் நல்ல டார்ச், விழாவிட்டால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். மூடி என்ற பேச்சே இவர்களுக்கு அபசாரம். இவர்கள் பக்கம் கணக்கும் இருக்கிறது. 2009-இல் அமெரிக்காவில் வகுத்த எஃப்.எல். 1 என்ற தரம், வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் தூரத்தையே டார்ச்சின் வீச்சு என்கிறது. ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம் அது. 100 லூமென் டார்ச்சின் ஒளி மொத்தமும் 10 பாகைக் கூம்புக்குள் அடங்குவதாக வைத்துக்கொண்டால் (இப்படி வைத்துக்கொள்வது நம் தாராள மனசு) வீச்சு சுமார் 130 மீட்டர். அதே ஒளியை மூடி போட்டு அரைக்கோளம் முழுக்கச் சிதறவிட்டால் 8 மீட்டர். மூடி தானாக விழுங்குவதைக் கழித்தால் அதுவும் குறையும்.

மறுப்பு: 130 மீட்டர் தள்ளிக் கிடக்கும் பாம்பு இதுவரை யாரையும் கடித்ததில்லை. இரண்டு மீட்டர் தள்ளி அந்தக் கூம்பின் அகலம் 35 சென்டிமீட்டர். கண்ணாடிவிரியனோ மூன்றடி, நாலடி. ஆக, தூரவாதிக்குக் காட்சி என்னும் அளவையால் கிடைப்பது பாம்பில் மூன்றில் ஒரு பாகம். அது எந்தப் பாகம் என்பது அவரவர் ஊழ். மீதியைக் கருதல் அளவையால் பெறவேண்டும், அதற்கு அவகாசம் இருந்தால். போதாததற்கு, அந்தச் சிறு வட்டத்தின் பளீர் வெளிச்சத்தில் கண்ணின் பாவை சுருங்கிவிட, வட்டத்துக்கு வெளியே உள்ளது இன்னும் இருட்டாகும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலும் கிராமத்து ஜனம், பாதிச் சாவு மழைக்கால மாதங்களில். டேங்க்கில் வட்டம் போட்டுப் பார்க்கும் விளையாட்டு இந்த எண்ணுக்கு முன்னால் கொஞ்சம் அடங்கித்தான் ஆகவேண்டும்.

இரண்டாம் கட்சி பரப்புவாதிகள். எந்நேரமும் மூடி போட்டே வைக்கவேண்டும் என்பவர்கள். மூடி கிடைக்காத ஊரில் வெள்ளைக் கேரி பேக்கை இரண்டாக மடித்து ரப்பர் பேண்டு போடுவார்கள், அல்லது தயிர் டப்பா மூடியை வெட்டிச் செருகுவார்கள். கரண்ட் போன வீட்டில் சோறு தின்ன இது உத்தமம் என்பது இவர்கள் வாதம். வீட்டில் அது கூடத் தேவையில்லை. டார்ச்சை நிமிர்த்தி வைத்தால், சுண்ணாம்படித்த மச்சு செலவில்லாமல் அந்த வேலையைச் செய்யும். வெளியில் எடுத்துப்போனால் வெள்ளை மூடி தரைக்குப் பாதி, பிடித்தவர் கண்ணுக்குப் பாதி என்று பங்கு வைக்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் பனிமூட்டத்தில் இதை ஏற்றினால், ஒளி நீர்த்துளிகளில் பட்டுத் திரும்பி எதிரில் வெள்ளைச் சுவராக நிற்கும். மழைவிட்ட இரவில் ஈசல் வரும் கதையை இங்கே விரிக்கவில்லை.

மூடி போட்டால் நிழலே விழாது என்றும் இவர்கள் சொல்வார்கள். விழும். நிழல் மங்கவேண்டுமென்றால் ஒளி வரும் முகம் அகலமாக இருக்கவேண்டும். இரண்டு சென்டிமீட்டர் மூடி இரண்டு மீட்டர் தூரத்துக்கு ஒரு புள்ளிதான். ஒளி அகலும், நிழல் அப்படியே இருக்கும். அதுவும் நல்லதற்கே. வரப்பில் நண்டு வளையைக் காட்டிக்கொடுப்பது நிழல். நெற்றியில் கட்டும் விளக்கு கண்ணோடு ஒட்டி இருப்பதால் அந்த நிழலை மறைத்துவிடும். இடுப்பளவில் பிடித்த டார்ச் மறைக்காது.

மூன்றாம் கட்சி சூனியவாதி. இவர் ஒருவர்தான், ஆனால் எல்லா ஊரிலும் இருப்பார். “வெளிச்சம் ஒனக்குதான்டா தம்பி. நீ கம்ப தட்டிக்கினே போ, அது தானா வழி வுடும்.” இது பெரியவர் வாக்கு, எனவே உரையளவை. தரையின் அதிர்வைப் பாம்பு அறியும் என்பதால் பாதி உண்மையும்கூட. மீதிப் பாதிக்குக் கண்ணாடிவிரியன் உடன்படுவதில்லை. கம்புச் சத்தம் கேட்டாலும் பெரும்பாலும் சுருண்ட இடத்திலேயே கிடந்து குக்கர் மாதிரிச் சீறும். கம்பைக் கீழே போடவேண்டாம், டார்ச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதோடு இவரை விட்டுவிடலாம்.

இனிச் சுபக்கம்.

டார்ச் இரண்டு ஜாதி. குழிந்த வெள்ளி முகத்துக்குள் எல்.இ.டி. உட்கார்ந்திருப்பது ஒன்று. அதில் நடுவே பளிச்சென்ற வட்டம், சுற்றிலும் மங்கலான பெருவட்டம். அந்த மங்கல் வட்டமே காலடிக்குப் போதும், இதற்கு மூடி வாங்குவது வீண்செலவு. இன்னொன்று, முன்னால் பருத்த லென்ஸ் வைத்த ஜூம் டார்ச். இழுத்துவிட்டால் எல்.இ.டி.யின் சதுர உருவமே தரையில் விழும், சுற்றிலும் கும்மிருட்டு. உள்ளே தள்ளினால் வட்டம் அகலும், தூரம் போய்விடும். தூரமா பரப்பா, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்று டார்ச் நம்மிடம் அடம் பிடிக்கிறது.

இழுத்தபடியே வைத்து, லென்ஸில் சரிபாதியை மட்டும் மங்கலான டேப்பால் மூடுக என்பதே நம் முடிபு. பேனாவால் எழுத வருகிற டேப் அது. பார்சல் ஒட்டுகிற பளபளப்பு டேப் ஒளியை நேராகவே விட்டுவிடும். பாதி லென்ஸ் போனால் நடு ஒளி பாதியாகும், வீச்சோ பாதியாகாது. ஒளி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், மேற்படி 130 மீட்டர் 92 ஆகும். போனது 38 மீட்டர், அங்கே நமக்கு வேலையும் இல்லை. வந்தது, டேப் விழுங்குவதைக் கணக்கில் விட்டால், இரண்டு மீட்டர் தூரத்தில் நாற்புறமும் 2 லக்ஸ், அதாவது எட்டு முழுநிலா. மூடி போட்ட டார்ச்சா, போடாத டார்ச்சா என்று கேட்டால் இரண்டும் அல்ல. மெய்கண்டார் வட்டாரத்துக்கு இந்தப் பதில் புதிதும் அல்ல.

டேப்பை எந்தப் பாதியில் ஒட்டுவது, மேலா கீழா என்று ஒரு தடை எழும். எந்தப் பாதியானாலும் ஒன்றே. உப்புத்தாள் போட்டுப் பாதியைத் தேய்த்துவிட்டால் என்ன என்பது அடுத்த தடை. பிளாஸ்டிக் லென்ஸ்தான், அரை நிமிஷத்தில் தேய்ந்துவிடும். ஆனால் பிடிக்காவிட்டால் டேப்பை உரித்துவிடலாம், தேய்த்ததை உரிக்க வழியில்லை. டார்ச் மாமனாருடையது என்றால் டேப்போடு நிற்பது நலம்.