மேலே போகும் வழி எது?

சிறு செயற்கைக்கோள்களுக்கென ராக்கெட் கட்டும் தனியார் கம்பெனிகளுக்கு வாய்ச்சவடால்தான் முதல் எரிபொருள். 2021 ஜூலையில் நாஸ்டாக் பங்குச்சந்தைக்கு வந்த அமெரிக்காவின் அஸ்ட்ரா, 2025-க்குள் தினம் ஒரு ராக்கெட் விடுவோம் என்றது. அடுத்த மாதமே அலாஸ்காவின் கோடியாக்கில் ஏவியபோது, ஐந்து இன்ஜின்களில் ஒன்று படுத்துக்கொண்டது. ராக்கெட் மேலே போகாமல், காய்கறி வாங்கக் கிளம்பிய பெரியவர் மாதிரி பக்கவாட்டில் நிதானமாக நகர்ந்து, எரிபொருள் கொஞ்சம் எரிந்து எடை குறைந்த பிறகே எழும்பியது. சுற்றுப்பாதையை எட்டவில்லை.

நவம்பரில் எட்டிக் காட்டினார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் பங்கு விலை தரையைப் பார்த்தே பறந்தது. 2024-இல் பங்குக்கு 50 சென்ட் கொடுத்து, நிறுவனர்களே கம்பெனியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். புவியீர்ப்பு விசையை முதலீட்டாளர்களுக்கு இவ்வளவு தெளிவாக எந்த வாத்தியாரும் நடத்தியதில்லை.