சனிக்கிழமை பக்தர்

பொய்யருக்கும் நேர்மையாளருக்கும் நடுவே ஓர் இனம் உண்டு. சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் மெய்யாகவே சொல்லி, அவற்றை அடுக்கும் முறையால் மட்டும் கேட்பவரை வழிதவறச் செய்து, ஒன்றும் அறியாத முகத்தோடு நிற்கும் இவ்வினத்தாரைக் குறிக்க ஆங்கிலத்தில் 'டிஸின்ஜென்யுவஸ்' என்றொரு பெயரடை வழங்குகிறது. இதன் முழுமையான மாதிரியைக் காண விரும்புவோர், சனிக்கிழமைதோறும் மயிலாடுதுறைப் பக்கமிருந்து திருநள்ளாற்றுக்குத் தனியாகப் பேருந்தேறி வரும் பக்தர் சிலரைக் கவனித்தால் போதும்.

திருநள்ளாறு அமைந்துள்ள காரைக்கால், தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டிருந்தும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. ஆகவே அங்கே கலால் வரி, அதாவது மதுவின்மீது அரசு விதிக்கும் தீர்வை, வேறாகவும் புட்டியின் விலை குறைவாகவும் இருக்கிறது. இத்தகைய பக்தருடைய மரபு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடப்புக்கு வந்தபோது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், எல்லைக்கு இப்பால் தாகமும் அப்பால் தண்ணீரும் என்ற ஏற்பாடு அப்போதே அமைந்துவிட்டது.

பக்தரின் பக்தியில் குறை காண இயலாது என்பதே இதில் வியப்பு. நல்லெண்ணெய் தேய்த்து நளதீர்த்தத்தில் முழுகுகிறார். தர்ப்பாரண்யேசுவரரை வணங்கிச் சனீசுவரர் சன்னதியில் உருகுகிறார். எள் தீபமும் ஏற்றுகிறார். சோதிடமும் அவர் பக்கமே நிற்கிறது. சனி ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டரை ஆண்டு தங்கிப் பன்னிரண்டையும் சுற்றிவர முப்பது ஆண்டு ஆவதால், ஏழரைச் சனி, அர்த்தாஷ்டமச் சனி, கண்டகச் சனி, அஷ்டமச் சனி என எல்லாவற்றையும் கூட்டினால் ஆயுளில் சரிபாதி பரிகாரத்துக்கு உரியதாகிறது. மீதிப் பாதி, தொல்லை தராமல் விட்டதற்கு நன்றி சொல்லும் காலம் என்பது அவருடைய சொந்தச் சித்தாந்தம். அதைச் சோதிடர் எவரும் மறுத்ததாகத் தெரியவில்லை.

வழிபாடு முடிந்தபின் காரைக்கால் நகருக்குள் "ஒரு சின்ன வேலை" இருக்கும். அவ்வேலை அங்கே ஓரளவும், வேட்டியில் சுருட்டிய வடிவில் பைக்குள் ஓரளவும் நிறைவேறியதும், மேலே திருநீற்றுப் பொட்டலமும் அர்ச்சனைத் தேங்காய் மூடியும் வைக்கப்படும். எல்லை கடந்து மது கொண்டுசெல்வது தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றமாதலால் நண்டலாறு சோதனைச்சாவடியில் காவலர் விசாரிப்பார். "சாமி கும்பிட்டுட்டு வர்றேன் சார், பிரசாதம் எடுத்துக்குங்க" என்பது விடை. இதில் எந்தச் சொல் பொய்?

வீட்டிலும் இதே இலக்கணம்தான். "குடிச்சீங்களா?" என்று மனைவி கேட்டால் இல்லை என்று சொல்லிப் பொய்யராகிவிடும் கற்றுக்குட்டி அல்லர் அவர்; "கோயிலுக்குப் போயிட்டு வர்ற மனுசனைக் கேக்கிற கேள்வியா இது?" என்று புண்பட்ட குரலில் திருப்பிக் கேட்பார். கேள்விக்கு மெய் பொய் கிடையாது. அடுத்த வாரம் தாமும் வருவதாக அம்மையார் கூறினால், சனிக்கிழமைக் கூட்டத்தில் அவர் நசுங்கிவிடுவார் என்று உள்ளபடியே கவலைப்படுவார். கூட்டமும் உள்ளபடியே இருக்கும்.