வாய் திறக்காமல் ஆர்டிகிள்ஷிப் முடிப்பது எப்படி?

சி.ஏ. இன்டர்மீடியட்டில் இரண்டு குரூப்பும் தேறிவிட்டீர்கள். தி.நகர்ப் பக்கம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஆர்டிகிளாகவும் சேர்ந்தாயிற்று. முன்பு மூன்று வருஷம் இழுத்த இந்தப் பயிற்சியை 2023 ஜூலை முதல் இரண்டு வருஷமாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே தொழில் எதுவும் ஒட்டாமல் வெளியேறுவது இப்போது முன்னைவிடச் சுலபம். வாயை மட்டும் மூடி வைத்திருந்தால் போதும்.

1. சரியான நாற்காலியைப் பிடியுங்கள்

ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்து நாற்காலிதான் உத்தமம். சார் தன் அறையிலிருந்து பார்த்தால் நீங்கள் தெரியக் கூடாது. "யாருப்பா அங்கே, இதை ரெண்டு காப்பி எடு" என்று அவர் கூப்பிட்டால் மட்டும் காதில் விழ வேண்டும். மூன்றாம் மாதம் உங்கள் பெயர் எல்லோருக்கும் மறந்திருக்கும். நல்ல தொடக்கம்.

2. டிக் அடியுங்கள், படிக்காதீர்கள்

வவுச்சிங்குக்கு உட்கார வைப்பார்கள். ஒரே நாளில், ஒரே பெயின்டிங் கான்ட்ராக்டருக்கு, ₹9,900 வீதம் நான்கு ரொக்க வவுச்சர்கள் கண்ணில் படும். ஒருவருக்கு ஒரே நாளில் ₹10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்பதும், எத்தனை துண்டாக நறுக்கினாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள் என்பதும் இன்டரில் படித்ததுதான். நினைவு வந்தால் உடனே தண்ணீர் குடியுங்கள். நான்குக்கும் அழகாகப் பச்சை டிக் போட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள். "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று சீனியரிடம் நீட்டினீர்களோ, அடுத்த வருஷம் அந்தக் கிளையண்டின் டேக்ஸ் ஆடிட் உங்கள் தலையில் விழும்.

3. மார்ச் 31 அன்று மூட்டைகளை மட்டும் எண்ணுங்கள்

ஸ்டாக் எடுக்கக் குடோனுக்கு அனுப்புவார்கள். மூலையில் மூன்று வருஷத் தூசியோடு ஒரு சரக்கு கிடக்கும்; பட்டியலில் அது வாங்கிய விலைக்கே ஏறியிருக்கும். அடக்க விலை, விற்றால் கைக்கு வரும் விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் போட வேண்டும். இருக்கட்டும். "இது கடைசியா எப்போ வித்தது அண்ணாச்சி?" என்று குடோன்காரரிடம் கேட்டுவிடாதீர்கள். அவர் உண்மையைச் சொல்லிவிடுவார். பிறகு அதை எழுதிக் கொடுக்கும் வேலை உங்களுடையதாகும்.

4. தானாக வரும் என்று காத்திருங்கள்

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நீங்கள் கௌரவமான குடும்பத்துப் பிள்ளை, அழக் கூடாது. உங்களோடு சேர்ந்த பெண், "சார், நாளைக்கு டிரிப்யூனல் ஹியரிங்குக்கு ஃபைல் தூக்கிட்டு நானும் வரட்டுமா?" என்று கேட்டுக் காரில் ஏறிப் போவாள். வாதம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து மதியம் சாப்பாட்டில் கதை சொல்வாள். "சாருக்கு அவளைத்தான் பிடிக்கும்" என்று பக்கத்து நாற்காலியிடம் முணுமுணுங்கள். பேச்சுக்கு அனுமதி உள்ள ஒரே இடம் அதுதான்.

5. கேட்டே ஆக வேண்டுமென்றால், 20-ஆம் தேதி சாயங்காலம் கேளுங்கள்

ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள். போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளையண்ட் ஒருவர் அப்போதுதான் பர்ச்சேஸ் பில்களை வாட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கியிருப்பார். அந்த நேரம் பார்த்து உள்ளே போய், "சார், எனக்கு ஏதாவது நல்ல வேலையா கொடுங்க" என்று சொல்லுங்கள். எந்தக் கிளையண்ட், எந்த வேலை, எப்போது முடிப்பேன் என்று எதையும் சொல்லக் கூடாது. 'ஏதாவது', 'நல்ல' என்ற சொற்களே போதும். சார் பார்க்கும் பார்வையில், இனிக் கேட்கவே வேண்டாம் என்ற நிம்மதி பிறக்கும். 22-ஆம் தேதி காலை, அவர் காபியோடு சும்மா உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

6. மறந்தும் சொல்லக் கூடாதவை

"இந்த பேங்க் ரெக்கன்சிலியேஷனை முதல்ல நான் போட்டுப் பார்க்கிறேன், அக்கா செக் பண்ணட்டும்."

"ரெண்டு மாசமா வவுச்சிங்தான் சார் பார்க்கிறேன். இந்த செப்டம்பர் டேக்ஸ் ஆடிட்ல ஒரு சின்னக் கிளையண்டை எனக்குக் கொடுங்க."

"கிளையண்ட்கிட்ட அந்தக் கேள்வியை நானே போன் பண்ணிக் கேட்கட்டுமா?"

இவை அபாயகரமானவை. நீங்கள் ராத்திரியெல்லாம் கற்பனை செய்து பயந்த மறுப்பு எதுவும் அங்கே கிடைக்காது. சார் தலையைக்கூட நிமிர்த்தாமல் "சரி, பண்ணு" என்பார். அதற்கப்புறம் அந்த வேலையிலிருந்து உங்களை யாராலும் காப்பாற்ற முடியாது.