ஏழு பேர், ஒரு கதவு: கிங்ஸ்கார்டின் காவல் முறை குறித்து ஓர் ஆய்வு

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ நாவல் வரிசையின் முதல் நூல் 1996-இல் வெளிவந்தது. வெஸ்டரோஸ் நாட்டு அரசர்கள் ஏன் இப்படி வரிசையாகச் செத்து விழுகிறார்கள் என்று கேட்டால், படித்தவர்கள் துரோகம், பேராசை, பித்து, டிராகன் என்று கனமான காரணங்களாகவே சொல்வார்கள். அரசனின் மெய்க்காவல் படையான கிங்ஸ்கார்டுக்கு டூட்டி போட்டவர் யார், எந்தக் கணக்கில் போட்டார் என்னும் கேள்விக்கு உரிய மரியாதை கிடைத்ததில்லை. அந்த அரசர்களை வீழ்த்தியது ஆள் பற்றாக்குறையே என்பது இக்கட்டுரையின் துணிபு. (கதையை இன்னும் படிக்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நலம். இனி வருபவை எல்லாம் இறப்புச் செய்திகள்.)

படை பிறந்த கதையிலேயே கோளாறு தொடங்குகிறது. டோர்ன் நாட்டுடன் போர் நடந்த காலத்தில் அரசர் முதலாம் ஏகானைக் கொல்ல முயற்சி நடந்தது. இருக்கும் காவலே போதும் என்று மன்னர் சொல்ல, அவருடைய சகோதரியும் மனைவியுமான விசெனியா வாளை உருவி அவர் கன்னத்தில் ஒரு கீறு கீறினாள். காவலர்கள் அசைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகே ஏழு வீரர்களைக் கொண்ட கிங்ஸ்கார்டு பிறந்தது. சாகும்வரை பணி, மனைவி இல்லை, பிள்ளை இல்லை, நிலம் இல்லை. இந்த உறுதிமொழிக்கு முன்மாதிரி வடக்கே பெருஞ்சுவரைக் காக்கும் நைட்ஸ் வாட்ச். ஆனால் அந்தப் படையில் அன்று ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். விசெனியா உறுதிமொழியை எடுத்துக்கொண்டாள், எண்ணிக்கையை விட்டுவிட்டாள். மேலும் அவள் நடத்திய சோதனை, பட்டப்பகலில், விழித்திருக்கும் அரசனிடம், காவலர் அனைவரும் பணியில் இருந்தபோது நடந்தது. இரவு மூன்றாம் சாமத்தில் யார் நிற்பது என்பது அந்தச் சோதனையில் வரவே இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு வாசலுக்கு எத்தனை பேர் தேவை என்பதற்கு நூலிலேயே சான்று உண்டு. ஏரிஸ் மன்னர் அரசி ரேயெல்லாவின் படுக்கையறைக்குள் இருந்த இரவில் வெளியே நின்றவர்கள் ஜெய்மி லானிஸ்டர், ஜொனோதர் டாரி என்னும் இருவர். ஆக, கதவு ஒன்றுக்கு இருவர். மனிதன் எட்டு மணி நேரம் விழிப்போடு நிற்பான் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு மூன்று முறை, மொத்தம் ஆறு பேர். எஞ்சுவது ஒருவர். அவர் படைத்தலைவர். ஒவ்வொரு வீரனின் வரலாற்றையும் பதியும் வெள்ளைப் புத்தகத்தை எழுத அவருக்கே நேரம் போதாது. எனவே ஏழு பேர் கொண்ட கிங்ஸ்கார்டு, யாருக்கும் காய்ச்சல் வராத நாளில், ஒரே ஒரு கதவைக் காக்க வல்லது. ராபர்ட் மன்னர் குடும்பத்திலோ அரசர், அரசி, மூன்று பிள்ளைகள் என ஐந்து பேர். ராபர்ட் காட்டுப்பன்றி வேட்டையில் குடல் சரிந்து மாண்டதில் வியப்பில்லை. காட்டுக்குக் கதவு கிடையாது.

ஏரிஸின் தலைநகரான கிங்ஸ்லேண்டிங் சூறையாடப்பட்ட நாளே தலையாய சான்று. அன்று ஆர்தர் டெய்ன், ஆஸ்வெல் வென்ட், படைத்தலைவர் ஜெரால்ட் ஹைடவர் ஆகிய மூவரும் டோர்ன் மலையில் ஒரு கோபுரத்தைக் காத்துக்கொண்டிருந்தார்கள். டிரைடென்ட் ஆற்றுப் போருக்கு ஏரிஸின் மகன் இளவரசர் ரேகாருடன் போன மூவரில் டாரியும் லூவின் மார்ட்டெல்லும் இறந்துவிட்டார்கள், பாரிஸ்டன் செல்மி படுகாயத்துடன் பகைவர் கையில். அரசர் ஏரிஸின் அருகில் மிஞ்சியவன் பதினேழு வயது ஜெய்மி. அவன்தான் அரசரைக் கொன்றான். இது துரோகம் அல்லவா, எண்ணிக்கைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மறுப்பாளர் கேட்பர். அந்த மண்டபத்தில் இன்னொருவர் நின்றிருந்தால் ஜெய்மியின் வாள் உறையிலிருந்து அவ்வளவு எளிதாக வந்திருக்குமா என்பதே நம் விடை. காவலனின் முதல் வேலை பக்கத்தில் நிற்கும் காவலனைக் கவனிப்பது. தனியாக நிற்பவனைக் கவனிக்க யாரும் இல்லை.

எண்ணிக்கையைவிடத் தரமே முக்கியம் என்போர் பாரிஸ்டனை முன்னிறுத்துவர். டஸ்கண்டேல் கோட்டையில் சிறைப்பட்ட ஏரிஸை அவர் தன்னந்தனியாகப் புகுந்து மீட்டது உண்மை. ஆனால் அரசர் ஏறக்குறைய அரையாண்டு அங்கே அடைபட்டுக் கிடந்தார் என்பதும், உடன் சென்ற கிங்ஸ்கார்டு வீரர் குவெய்ன் கான்ட் அங்கேயே கொல்லப்பட்டார் என்பதும் உண்மை. மீட்பு பாரிஸ்டனின் பெருமை. மீட்க வேண்டி வந்தது படையின் கணக்குப் பிழை.

ஆள் பெருகினால் ஆபத்தும் பெருகும் என்பது வரலாறு படித்தவர்களின் மறுப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ரோமாபுரியின் பிரிட்டோரியன் காவற்படை ஆயிரக்கணக்கில் இருந்தது, கி.பி. 41-இல் காலிகுலாவைக் கொன்றதும் அதன் அதிகாரிகளே, 193-இல் பேரரசையே ஏலம் விட்டதும் அதுவே. பொலன்னறுவையில் முதலாம் விஜயபாகுவின் வேளைக்காரப் படையும் கலகம் செய்திருக்கிறது. ஆனால் 1527-இல் ரோம் சூறையாடப்பட்டபோது போப்பின் சுவிஸ் காவலர் 189 பேரில் 147 பேர் மடிந்தார்கள்; மீதி 42 பேர் ஏழாம் கிளமென்ட்டைத் தப்ப வைத்தார்கள். 147 பேரை இழந்த பிறகும் வழித்துணைக்கு ஆள் இருப்பதே காவல். கிங்ஸ்கார்டில் 7 பேரை இழந்தால் மிஞ்சுவது அவர்களின் சீருடையான வெள்ளை மேலங்கிதான்.

ஏழு புனித எண், வெஸ்டரோஸ் மக்கள் ஏழு தெய்வ முகங்களை வணங்குபவர்கள், அதில் கைவைக்கலாமா என்பது சமயவாதிகளின் கவலை. கைவைக்க வேண்டாம், பெருக்குவோம். மூவேழு 21. புனிதம் மும்மடங்காகும், கதவும் மூன்றாகும்: அரசர், அரசி, வாரிசு. மற்ற இளவல்கள் ஒரே அறையில் படுத்துக்கொள்ளட்டும். செலவு? ராபர்ட்டின் கருவூலம் அறுபது லட்சம் பொற்காசுக்கு மேல் கடனில் இருந்தபோதே, நெட் ஸ்டார்க் அரசரின் தலைமை அமைச்சராகப் பதவியேற்றதைக் கொண்டாடிய போட்டியின் பரிசுக்கு மட்டும் 90,000 பொற்காசு ஒதுக்கப்பட்டது. குடும்பமும் நிலமும் இல்லாத பதினான்கு பேருக்குச் சோறும் குதிரையும் அதில் ஒரு மூலையில் அடங்கிவிடும்.

ஆகவே மார்ட்டினிடம் ஒரு விண்ணப்பம். வரவிருக்கும் ஆறாம் நூலில் இரும்பு அரியணையில் யார் அமர்ந்தாலும் சரி, அவருடைய முதல் ஆணை பதினான்கு வெள்ளை மேலங்கிகள் தைக்கச் சொல்வதாக இருக்கட்டும். ஐந்தாம் நூல் வந்தது 2011-இல். தைப்பதற்கு வேண்டிய அவகாசத்தை அவர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.